துப்பாக்கி எடுத்த தகப்பனும் வாடகை கொடுத்த தகப்பனும்



வாலிபர் கூட்டங்களிலே தவறாமல் எழும்புகிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, விசுவாசிகள் சினிமா பார்க்கலாமா?" என்பதே அது. நம்முடைய சபைகளில் நெடுங்காலமாக இதற்கு ஒரே பதில்தான் கொடுக்கப்பட்டு வந்தது. தியேட்டர் வாசலை மிதிக்கக் கூடாது என்பதே அந்தப் பதில். சொன்னவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் இன்றைக்கு அந்தப் பதில் போதாமற்போயிற்று. ஏனெனில் தியேட்டரே இடம் மாறிவிட்டது.

நம்முடைய கரோல் பாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இங்கே படம் பார்ப்பதென்றால் லிபர்ட்டி தியேட்டருக்குப் போகவேண்டும். டிக்கெட் வரிசையிலே நிற்கவேண்டும். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்கிற பயமும் கூடவே வரிசையில் நிற்கும். தமிழ்ப் படம் வேண்டுமென்றால் ஞாயிறு பிற்பகலில் தூர்தர்ஷன் மாநில மொழிப் படம் போடும்வரை காத்திருந்த குடும்பங்கள் உண்டு. தமிழின் முறை எப்பொழுது வரும் என்று எண்ணிக்கொண்டிருந்த காலம் அது.

2005ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி அந்த லிபர்ட்டி தியேட்டரிலும், படேல் நகர் சத்யம் தியேட்டரிலும் படம் ஓடிக்கொண்டிருக்கையில் குண்டுகள் வெடித்தன. ஒருவர் உயிரிழந்தார்; அநேகர் காயமடைந்தார்கள். இன்று தலைநகரில் எந்தத் திரையரங்கிற்குச் சென்றாலும் பையைத் திறந்து சோதிக்காமல் உள்ளே விடுவதில்லை. ஆனால் கஃபார் மார்க்கெட்டிலே வாங்கிய ஒரு கைப்பேசி நம் வீட்டிற்குள் நுழைந்து, படுக்கையறை வரைக்கும் செல்லுகிறதே, அதற்குள் என்ன இருக்கிறதென்று சோதிக்கிறவர் யார்? தியேட்டர் வாசலை மிதியாதவர்கள் வீட்டிலேயே, போர்வைக்குள்ளே, நள்ளிரவுக் காட்சி நடக்கிறது. பெற்றோர் அறிவதில்லை, அறிந்தாலும் பேசுவதில்லை.

ஆகவே இந்த மாதம் நாம் வெளிப்படையாகச் சில படங்களைக் குறித்துப் பேசுவோம். நான் திரைப்பட விமர்சகன் அல்லன். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு முதலியவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நம் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பற்றி நண்பர்களோடு பேசுகிறார்கள் என்று அறியவேண்டி அவ்வப்போது ஒரு படத்தைப் பார்க்கிற சாதாரணப் பார்வையாளன் நான். கடந்த சில ஆண்டுகளில் பார்த்த தமிழ்ப் படங்களில் ஒரு காரியம் என் கண்ணில் பட்டது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெரிய நடிகர்களின் படங்களைக் கவனியுங்கள். முன்பெல்லாம் கதாநாயகன் ஒரு வாலிபன். காதலியைத் தேடிப் போவான். இப்பொழுது கதாநாயகன் ஒரு தகப்பன். 2022 ஜூன் மாதத்தில் வெளிவந்த 'விக்ரம்' படத்தில் கமல்ஹாசன் மகனைப் பறிகொடுத்த தகப்பன். 2023 ஆகஸ்டில் வந்த 'ஜெயிலர்' படத்தில் ரஜினிகாந்த், காவல்துறை அதிகாரியான மகனைத் தேடும் ஓய்வுபெற்ற தகப்பன். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'லியோ' படத்தில் விஜய், இமாச்சலப் பிரதேசத்தில் சிற்றுண்டிக் கடை நடத்திக்கொண்டு மனைவி பிள்ளைகளைக் காக்கும் தகப்பன். 2024 ஜூனில் வந்த 'மகாராஜா' படத்தில் விஜய் சேதுபதி, மகளுக்கு நேர்ந்த கொடுமைக்காகப் பழிவாங்கும் முடிதிருத்தும் தொழிலாளி.

நான்கு படங்களும் வெவ்வேறு கதைகள். ஆயினும் நான்கிலும் ஓடுகிற நியாயம் ஒன்றே. "என் குடும்பத்திற்காக நான் எதையும் செய்வேன்" என்பதே அந்த நியாயம். அந்த 'எதையும்' என்ற சொல்லுக்குள் எத்தனை சடலங்கள் விழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். தகப்பன் என்கிற பரிசுத்தமான உறவு இங்கே கொலைக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. ரத்தம் தெறிக்கத் தெறிக்க அரங்கம் கைதட்டுகிறது. ஏனென்றால் வெட்டுகிறவன் அப்பா.

இது புதிய காரியமன்று, அன்பானவர்களே. ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் லாமேக்கு என்கிற ஒரு மனிதனைக் காண்கிறோம். தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றதையும், தன்னுடைய பழி காயீனுக்குரிய பழியைவிடப் பலமடங்கு பெரியது என்பதையும் அவன் தன் மனைவிகளை அழைத்துப் பெருமையாகச் சொல்லுகிறான். இன்றைய பஞ்ச் வசனத்தின் முற்பிதா அவனே என்று சொன்னால் மிகையாகாது. வீட்டாரை உட்காரவைத்து, தான் கொலைசெய்ததைக் கேட்டுப் பெருமைப்படச் சொன்ன முதல் குடும்பத் தலைவன் அவன். மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் நம்முடைய ஆண்டவர் பேதுருவுக்கு மன்னிப்பின் கணக்கைச் சொல்லும்போது, லாமேக்கின் பழிக்கணக்கையே தலைகீழாகத் திருப்பிவிடுகிறார். நம் பிள்ளைகள் இந்த இரண்டு கணக்குகளில் எதைக் கற்றுக்கொள்ளுகிறார்கள்?

இந்தப் படங்களில் நல்லதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 'ஜெயிலர்' படத்தின் முடிவிலே அந்தத் தகப்பன், தன் மகனே குற்றத்தில் பங்காளி என்று அறிகிறார். ஒத்துக்கொள்ளும்படி அவனிடம் கேட்கிறார். அவன் மறுக்கிறான். அதன்பின் அவர் அவனைத் தப்பவைக்கவில்லை. தன் குமாரர் செய்த அக்கிரமத்தை அறிந்தும் அவர்களை அடக்காமற்போன ஏலியின் வீட்டுக் கதையை அறிந்தவர்களுக்கு, இந்தக் காட்சியின் பாரம் புரியும். மகனுடைய தவறுக்கு முட்டுக்கொடாத தகப்பன் என்கிற அந்த ஒரு கருத்து, அதற்கு முன்வந்த இரண்டரை மணி நேர ஆர்ப்பாட்டத்தைவிட மேலானது. ஆனால் படம் முடிந்து வெளியே வருகிற சிறுவன் எதைச் சொல்லிக்கொண்டு வருகிறான்? தலை துண்டான காட்சியைத்தான் சொல்லுகிறான்.

'மகாராஜா' திறமையாய்ச் சொல்லப்பட்ட கதை என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். வீட்டுக் குப்பைத்தொட்டி காணாமற்போனது என்று காவல் நிலையத்திற்கு வருகிற ஒரு எளிய மனிதனிடமிருந்து இத்தனை பெரிய கதை புறப்படும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். சீன தேசத்திலும் அது திரையிடப்பட்டது. ஆயினும் அது பிள்ளைகளோடு பார்க்கத்தக்க படமன்று. ஒரு சிறுமியின் வேதனை அதிலே பழிவாங்குதலுக்கு எரிபொருளாகிறது. அந்தச் சிறுமி அதற்குப்பின் எப்படி வாழ்ந்தாள் என்று கேட்கவே நமக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த 'கூலி' படத்திற்குத் தணிக்கைக் குழு வயது வந்தோருக்கான 'ஏ' சான்றிதழையே கொடுத்தது. ரஜினி படம் என்றால் பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்து போகலாம் என்று எண்ணியிருந்த குடும்பங்கள் அதைக் கவனிக்கவேண்டும்.

துப்பாக்கி ஏந்திய தகப்பனில் ஒருவர் மட்டும் வேறுபட்டு நிற்கிறார். 2024 அக்டோபர் 31ஆம் தேதி வெளிவந்த 'அமரன்' மெய்யாகவே வாழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் சரித்திரம். 2014 ஏப்ரல் 25ஆம் தேதி காஷ்மீரின் ஷோப்பியான் மாவட்டத்தில் அவர் வீரமரணம் அடைந்தார். 2015ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று, இதே தில்லியில், அப்பொழுது ராஜபாதை என்று அழைக்கப்பட்ட வீதியிலே, அவருடைய மனைவி இந்து ரெபெக்கா வர்கீஸ் அசோகச் சக்கர விருதைப் பெற்றுக்கொண்டார். படம் அந்த மனைவியின் நினைவாகவே சொல்லப்படுகிறது. அதனால் அங்கே ஒரு மரணத்திற்கு விலை இருக்கிறது. ஒரு சிறு பெண்பிள்ளை தகப்பனை இழக்கிறாள் என்பதைப் படம் மறக்கவில்லை. போர்க்காட்சிகள் கடுமையானவை, சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவையல்ல. ஆனாலும் உயிர் மலிவானது என்கிற எண்ணத்தோடு ஒருவரும் வெளியே வரமாட்டார்கள்.

இனி இரண்டாவது வகைத் தகப்பனுக்கு வருவோம். இவர் கையில் துப்பாக்கி இல்லை. வாடகைச் சீட்டும் தவணைப் புத்தகமும்தான் இருக்கின்றன. இவரைக் குறித்த படங்கள் பெரிய ஆரவாரமின்றி வந்தன. ஆனால் ஊரைவிட்டு வந்து பட்டணத்தில் பிழைக்கிற நமக்கு, இவர்தான் சொந்தக்காரர்.

2025 மே 1ஆம் தேதி வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தைப் பாருங்கள். அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியின்றி, சசிகுமாரும் சிம்ரனும் தங்கள் இரண்டு மகன்களோடு படகேறி ராமேஸ்வரம் கரைக்கு வருகிறார்கள். கற்பனைக் கதைதான். ஆனால் 2022 மார்ச் முதல் மெய்யாகவே அப்படி அநேகக் குடும்பங்கள் வந்து கரையேறின. சென்னையிலே ஒரு தெருவில் வாடகை வீடு. வாயைத் திறந்தால் ஊர்ப் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்கிற பயம். அக்கம்பக்கத்தாரோடு பேசாதே என்று வீட்டாரே எச்சரிக்கப்படுகிறார்கள். ஆனால் அந்தத் தகப்பனால் பேசாமலிருக்க முடியவில்லை. ஒருவர் வீட்டில் துக்கம் என்றால் முதலாவது போய் நிற்கிறார். கதவைத் தட்டாமலே வாழ்ந்த ஒரு தெரு, அவராலே ஒருவரையொருவர் அறிகிறது.

தில்லிக்கு வந்த புதிதில் ஹிந்தி தெரியாமல் காய்கறிக் கடையில் விரலால் காட்டி வாங்கிய நாட்களை உங்களில் எத்தனை பேர் மறந்திருக்கமாட்டீர்கள்! தமிழ் பேசினால் திரும்பிப் பார்ப்பார்களே என்று பேருந்தில் குரலைத் தாழ்த்தியதில்லையா? அந்நியனுடைய இருதயத்தை அறிந்திருக்கிறீர்கள் என்று நியாயப்பிரமாணம் இஸ்ரவேலுக்கு நினைப்பூட்டுகிற காரியத்தை, இந்தப் படம் பிரசங்கமின்றிச் சொல்லுகிறது. எனினும் படத்தில் வருவதுபோலத் தெரு முழுவதும் ஒருமனமாய்ப் பரிந்துகொண்டு நிற்பது நிஜத்தில் அத்தனை எளிதன்று. அந்த இனிப்பு சற்று அதிகம் என்றே எனக்குத் தோன்றியது.

2025 ஜூலை 4ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று ஸ்ரீகணேஷ் இயக்கிய '3 பிஎச்கே'. சரத்குமார், தேவயானி, சித்தார்த் நடித்தது. சொந்த வீடு வாங்கவேண்டும் என்பதே அந்தக் குடும்பத்தின் ஆசை. பணம் சேரும்போதெல்லாம் மகனுடைய படிப்பு, வியாதி, மகளுடைய திருமணம் என்று ஒன்று வந்து அதை விழுங்கிவிடுகிறது. வீட்டின் விலையோ அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. ஊரிலே ஓட்டு வீடாவது சொந்தமாயிருந்தது, இங்கே பதினொரு மாத ஒப்பந்தத்திலே வாழ்கிறோமே என்று பெருமூச்சுவிடுகிற எந்தக் குடும்பமும் இதில் தன்னைக் காணும். ஆனால் இந்தப் படத்தில் நான் கவனித்த முக்கியமான காரியம் வீடு அன்று. தன் கனவைத் தகப்பன் மகனுடைய தோளில் ஏற்றுகிறார். மகனுக்கு இயந்திரப் பொறியியலில் நாட்டம். தகப்பனுக்கோ அவன் கணினித் துறைக்குப் போகவேண்டும். மறுத்துப் பேசத் துணியாத அந்த மகன், விருப்பமற்ற வேலையில் பல ஆண்டுகளைத் தொலைக்கிறான். தகப்பன் கெட்டவர் அல்லர், அன்புள்ளவர். அன்புள்ளவரும் பிள்ளையின்மேல் சுமத்தக்கூடாத பாரத்தைச் சுமத்தக்கூடும். ஐ.ஏ.எஸ். தேர்வுக்கென்று நம்முடைய கரோல் பாக்கிற்கும் ராஜேந்திர நகருக்கும் வந்து, சிறு அறைகளிலே ஆண்டுக்கணக்காய் அடைபட்டிருக்கிற தமிழ்ப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, இது யாருடைய கனவு என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே நாளில் வந்த மற்றொரு படம் ராம் இயக்கிய 'பறந்து போ'. தாயும் தகப்பனும் தவணைகளைக் கட்டுவதற்காக ஓடுகிறார்கள். சிறுவன் அடுக்குமாடி வீட்டிலே தனியே பூட்டப்பட்டிருக்கிறான். ஒரு நாள் தகப்பன் அவனை வண்டியிலே ஏற்றிக்கொண்டு ஊர்ப்பக்கமாகப் புறப்படுகிறார். மரமும் குளமும் மலையும் பார்த்த அந்தப் பிள்ளை பிள்ளையாக மாறுகிறான். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற நம்முடைய வீடுகளில், பள்ளி முடிந்துவந்து தானே கதவைத் திறந்துகொள்ளுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு நாம் கொடுத்திருக்கிற துணை எது? அதே கைப்பேசிதான். முதலாவது வகைத் தகப்பன்மாரை அவர்கள் சந்திக்கிற இடம் அந்தத் தனிமைதான் என்பதை மறவாதிருங்கள்.

இனி நான் சொல்லப்போகிற படத்தைக் குடும்பத் தலைவர்கள் கவனமாய்க் கேளுங்கள். 2025 ஜனவரியில் வெளிவந்த 'குடும்பஸ்தன்'. மணிகண்டன் நடித்தது. நகைச்சுவைப் படம், நானும் சிரித்தேன். ஆனால் அதன் உள்ளே இருப்பது சிரிப்புக்குரியதல்ல. ஒரு இளம் கணவன் வேலையை இழக்கிறான். வீட்டாரிடம் சொல்லவில்லை. சம்பளம் வருவதுபோல் காட்டுவதற்காகக் கடன் வாங்குகிறான். அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். ஒவ்வொரு பொய்யும் மற்றொரு பொய்யைப் பெற்றெடுக்கிறது.

இதை ஒரு போதகனாகச் சொல்லுகிறேன்: இது நம்முடைய நகரத்துச் சபைகளுக்கு அந்நியமான கதையன்று. வேலை போனதை மனைவியிடம் சொல்லாமல், காலையில் வழக்கம்போல் டிபனை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, மாலைவரை மெட்ரோ நிலையத்திலும் பூங்காவிலும் உட்கார்ந்திருக்கிற ஆண்கள் எந்த நகரத்திலும் உண்டு. கைப்பேசியிலே ஒரு பொத்தானை அழுத்தினால் கடன் கிடைக்கிற காலம் இது. ஊரில் உள்ளவர்கள் "தில்லியில் நன்றாயிருக்கிறான்" என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காக அவன் மூழ்கிக்கொண்டிருக்கிறான். ஜெபக்கூட்டத்தில் "ஒரு தேவை இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மாத்திரம் சொல்லி உட்கார்ந்துவிடுகிறான்.

இங்கே 'லியோ' படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லியோவும் மறைக்கிறான், தன் பழைய வாழ்க்கை முழுவதையும் குடும்பத்தாரிடம் மறைக்கிறான். அதைப் படம் வீரமாகக் காட்டுகிறது. குடும்பஸ்தனும் மறைக்கிறான், அதனால் வீடு படுகிற பாட்டைப் படம் உள்ளபடி காட்டுகிறது. ஆண்பிள்ளை என்றால் எல்லாவற்றையும் தனக்குள் அடக்கித் தனியே சமாளிக்கவேண்டும் என்று முதலாவது படம் நம் வாலிபருக்குப் போதிக்கிறது. அந்தப் போதனையின் முடிவு கடன்காரன் கதவைத் தட்டுவதுதான் என்று இரண்டாவது படம் காட்டுகிறது. சகோதரனே, இன்றிரவு உன் மனைவியிடம் நீ சொல்லவேண்டிய தொகை ஒன்று இருக்குமானால், சொல்லிவிடு. அவள் கோபப்படுவாள். அழுவாள். ஆனால் நாளைக் காலை பாரம் இரண்டு பேர் தோளில் இருக்கும்.

ஊரை நினைப்பூட்டுகிற இரண்டு படங்களையும் சொல்லி முடிக்கிறேன். 2024 ஆகஸ்டில் வந்த மாரி செல்வராஜின் 'வாழை', தென் மாவட்டத்திலிருந்து வந்த நம்மில் பலருக்குத் தெரிந்த மண். தகப்பன் இல்லாத வீடு. தாய் வாங்கிய முன்பணத்திற்காகப் பள்ளிச் சிறுவன் வாழைத்தார் சுமக்கிறான். கூலியில் ஒரு ரூபாய் உயர்வுக்காகப் போராட வேண்டியிருக்கிறது. இயக்குநர் தம் சிறுவயதில் கண்ட மெய்யான விபத்தையே படமாக்கியிருக்கிறார். இந்தப் படத்தைப் பார்த்தபின், சாலையோரக் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழத்திற்கு ஐந்து ரூபாய் குறைத்துப் பேச எனக்கு மனம்வரவில்லை. அடுத்த மாதமே வந்த 'மெய்யழகன்', சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் பெயர்ந்த ஒருவர், பல ஆண்டுகளுக்குப்பின் உறவினர் திருமணத்திற்குத் திரும்புவதைச் சொல்லுகிறது. பெயர்கூட நினைவில்லாத ஒரு உறவினன் அவர்மேல் அன்பைப் பொழிகிறான். அவர் விட்டுச்சென்ற ஒரு பழைய சைக்கிள் அவன் குடும்பத்திற்கே வாழ்வாயிற்று என்று பின்னர் அறிகிறார். ஊரில் பங்காளிகளோடு பேச்சுவார்த்தையற்றுப் போனவர்கள் இதைப் பார்த்து, ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்தால் நல்லது. இரண்டு ஆண்கள் மனம்விட்டுப் பேசுவதற்கு மதுப்புட்டி தேவை என்பதுபோல் அமைந்த நீண்ட காட்சிதான் எனக்கு ஏற்கவில்லை.

பெற்றோர் அறியவேண்டிய ஒரு செய்தி. 2023ஆம் ஆண்டு திருத்தப்பட்ட திரைப்படச் சட்டத்தின்படி, முன்பிருந்த 'யுஏ' சான்றிதழ் இப்பொழுது 7, 13, 16 என்று மூன்று வயது நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இணையவழித் தளங்களும் இவ்வாறே வயதைக் குறிக்கவேண்டும் என்றும், 13 வயதிற்கு மேற்பட்டோருக்கான படங்களுக்குப் பெற்றோர் பூட்டுப்போடும் வசதி தரவேண்டும் என்றும் 2021ஆம் ஆண்டின் விதிகள் சொல்லுகின்றன. அந்தப் பூட்டு உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. அதைப் போடத் தெரியாவிட்டால் உங்கள் பிள்ளையிடம் கேட்காதிருங்கள். வேறு யாரிடமாவது கேளுங்கள்!

ஆனால் பூட்டு மாத்திரம் போதாது. தாவீதின் பாவத்தை நாத்தான் நேரடியாகச் சாடவில்லை. ஒரு ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார். கதை அரசனுடைய காவலரைக் கடந்து இருதயத்திற்குள் போயிற்று. நல்லதற்கும் கெட்டதற்கும் கதைக்கு அந்த வல்லமை உண்டு. ஆகையால் பிள்ளை ஒரு படம் பார்த்தால் கூட உட்காருங்கள். முடிந்தபின் கேளுங்கள். இவர் இத்தனை பேரைக் கொன்றாரே, அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டல்லவா? இவர் மறைத்ததை முன்பே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் அப்பாவாயிருந்தால் என்ன செய்திருப்பார்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிள்ளை என்ன பதில் சொல்லுகிறான் என்பதைப் பொறுமையாய்க் கேளுங்கள்.

பிரியமான தகப்பன்மாரே, உங்களைப் பற்றி யாரும் படம் எடுக்கமாட்டார்கள். மாதம் பிறந்தால் வாடகை, பூசா சாலைத் தமிழ்ப் பள்ளிக் கட்டணம், ஊரிலிருக்கும் தாய்க்கு மருந்துப் பணம். இவற்றைக் கொடுத்துவிட்டு மிஞ்சினதில் வாழ்கிற உங்களுக்குப் பின்னணி இசை இல்லை, கைதட்டல் இல்லை. உங்கள் மகனோ திரையில் வேறொரு அப்பாவைப் பார்த்து உங்களை அளக்கிறான். அவனோடு உட்கார்ந்து பேச வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். வாடகை கொடுத்த தகப்பன் யார் என்பதை அவன் உங்கள் வாயினாலேயே அறியட்டும்.

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக.